எழுத்தும் அதனைத் தாங்கிய பொருளும்: கம்பம் பள்ளத்தாக்குச் சான்றுகளை முன்வைத்து

அகநானூற்றின் 343ஆம் பாட்டில் மதுரை மருதன் இளநாகனார் ஒரு சிறு நிகழ்ச்சியைக் குறிக்கின்றார். பாலை வழியில் நடுகல் ஒன்று நிற்கின்றது. அதன்மேல் கூரிய உளியால் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வழியே செல்லும் உமணரது வண்டியின் சக்கரம் அக்கல்லின் தலையை உரசிச் சிதைத்துவிடுகின்றது. எழுத்தின் கோடுகள் சில மறைந்துபோகின்றன. பின்னர் அவ்வழி வரும் புதியவர்கள் எஞ்சிய கோடுகளைக் கூட்டிப் படித்து, பொறித்தவர் கருதாத வேறொரு பொருளைக் கொள்கின்றனர். இதே புலவர் 297ஆம் பாட்டிலும் இதற்கு இணையான ஒரு காட்சியைத் தருகின்றார். அங்கே அம்புகள் தீட்டப்பெற்றமையால் கல்லின் பக்கம் தேய்ந்து எழுத்துகள் இயைபு குலைந்துள்ளன. வழிப்போவார் படிக்க முயன்று, இயலாமையின் விட்டுச் செல்கின்றனர்.

இவ்விரு பாட்டுகளையும் நம் உரையாசிரியர்கள் பாலை வழியின் கொடுமைக்குச் சான்றாகக் காட்டுவர். வரலாற்று ஆசிரியர்கள் சங்ககாலத்தில் கல்லில் எழுதும் வழக்கு இருந்ததற்குச் சான்றாகக் காட்டுவர். இரண்டும் பொருந்துவனவே. ஆயினும் இவற்றுள் மூன்றாவது செய்தி ஒன்றும் அடங்கியுள்ளது. எழுத்து என்பது சொல்லின் வடிவம் மட்டுமன்று, அது தானே ஒரு பொருள். அப்பொருளுக்கு நேரும் ஊறு சொல்லின் கருத்தையும் மாற்றிவிடும். இவ்வுண்மையை இளநாகனார் நன்கு உணர்ந்திருந்தார். கல்வெட்டாகவும் செப்பேடாகவும் ஓலைச்சுவடியாகவும் அச்சுத்தாளாகவும் நமக்குக் கிடைத்துள்ளவற்றின் வாசகத்தைத் திரட்டுவதில் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாகத் தமிழ்ப் புலமையுலகம் பெருமுயற்சி செய்துள்ளது. வாசகத்தைத் தாங்கிய பொருளைத் திரட்டுவதிலோ அத்துணை ஊக்கம் காட்டவில்லை. இவ்வேறுபாட்டால் நாம் இழந்தது யாது என்பதைத் தேனி மாவட்டச் சான்றுகள் சிலவற்றைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் கொள்ளத்தக்கது புலிமான்கோம்பை. முன்பு மதுரை மாவட்டத்துள் அடங்கியிருந்து இன்று தேனி மாவட்டத்தின்பாற்பட்ட ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைச் சமவெளியில் உள்ள சிற்றூர் அது. 2006ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. இராசனும் அவர்தம் ஆய்வு மாணவர்களும் அவ்வூரில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அதற்கு முன்னர் எழுத்துடைய நடுகற்களுள் பழமையானவை என நாம் அறிந்தவை, இரா. நாகசாமி 1972இல் தொகுத்து வெளியிட்ட செங்கம் நடுகற்களும் தருமபுரிப் பகுதியில் கிடைத்தவையுமே ஆகும். அவை பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்கள். ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட தமிழ்ப் பிராமிப் பெருந்தொகுப்பிலும் கல்லில் அமைந்தவை பெரும்பாலும் முனிவர் உறைந்த குகைத்தளங்களைச் சார்ந்தவையே. இதனால் சங்கப் பாட்டுகள் கூறும் எழுத்துடை நடுகல் புலவரின் புனைவோ, பிற்காலத்து வழக்கோ என ஐயுற்றாரும் இருந்தனர். அவ்வையத்தைப் புலிமான்கோம்பைக் கற்கள் ஒருங்கே நீக்கின. அவை கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சார்ந்தன என்பது கண்டறிந்தோர் கொள்கை. எந்நூற்றாண்டு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

அம்மூன்றனுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் மாய்ந்த அந்தவன் என்பானுக்கு எடுத்த கல் என விளக்கப்படுகின்றது. ஆகோள் என்னும் சொல்லைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சித்துறைகளுள் ஒன்றாக ஓதுகின்றது. இலக்கண நூலில் துறைப்பெயராக நாம் பயின்ற சொல் வைகைக் கரைக் கல்லொன்றில் ஒரு மனிதனின் சாவைக் குறித்து நிற்பதைக் கண்டபோது தமிழ் மாணவர் அடைந்த வியப்பு சிறிதன்று. ‘பேடு’ என்பது ஊர்ப்பெயரா, ‘தீயன்’ என்பது குடிப்பெயரா இயற்பெயரா என்னும் வினாக்கள் இன்னும் முற்ற முடியவில்லை. சொற்களுக்கிடையே இடம் விடாமலும் புள்ளியிடாமலும் பொறித்த எழுத்தில் இத்தகைய ஐயங்கள் எழுதல் இயல்பே.

ஆனால் இக்கற்களைப் பற்றி எழுந்த எழுத்துகளுள் பெரும்பாலானவை வாசகத்தோடு நின்றுவிட்டன. கல்லைக் கண்ணால் நோக்குவார்க்கு முதலில் புலப்படுவது வேறொன்று. அங்கே உருவம் இல்லை. வில்லேந்திய வீரன் இல்லை, ஆனிரை இல்லை, வீரனை மேலுலகுக்கு அழைத்துச் செல்லும் மகளிரும் இல்லை. பிற்காலத்துச் செங்கம், தருமபுரிக் கற்களில் உருவமே முதன்மை பெற்று, எழுத்து அதனைச் சூழ்ந்தோ மேலமைந்தோ விளக்கவுரை போல நிற்கும். புலிமான்கோம்பையில் எழுத்தன்றிப் பிறிதில்லை. அகநானூறு 67, 131 ஆகிய பாட்டுகளிலும் நடுகல்லுக்குப் பெயரும் பெருமையும் எழுதி மயிற்பீலி சூட்டியமை கூறப்படுகின்றதேயன்றி வீரனது வடிவம் செதுக்கியமை கூறப்படவில்லை. ஆகவே தொல்பழங்காலத்தில் எழுத்தே உருவத்தின் இடத்தை வகித்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். எழுத்தறிந்தார் சிலரே வாழ்ந்த காலத்தில், காட்டுவழியில் நின்ற கல்லின்மேல் அமைந்த எழுத்துவரிசை, படிக்கத் தெரியாதார்க்கும் ஒரு காட்சிப்பொருளாக நின்றிருக்கும்.

இன்னும் ஒன்று காணத்தக்கது. அந்தவனது கல்லின் வாசகத்தைப் பதிப்பித்தோர் ‘கல்’ என்னும் சொல்லையே முதலாக வைத்துப் படிக்கின்றனர். கல்லின்மேல் கல் என்று எழுதியிருக்கின்றது. இன்னானது கல் என முடிக்கும் வாய்பாட்டை நன்கறிந்த நமக்கு இது வியப்பைத் தருவதில்லை. எனினும் பொருளும் அதன் பெயரும் ஓரிடத்தே நிற்கும் இவ்வமைப்பு எண்ணிப் பார்த்தற்குரியது. தாளில் அச்சிட்ட ‘கல்’ என்னும் சொல் வேறு. கல்லே தாங்கி நிற்கும் ‘கல்’ என்னும் சொல் வேறு. முன்னதைக் கல்வெட்டுத் தொகுதியிலிருந்து எடுத்து எந்நூலிலும் அச்சிடலாம். பின்னதை வேறொரு பொருளின்மேல் பெயர்த்து எழுதினால் அது பொய்யாகிவிடும்.

இங்கே மேலைநாட்டுக் கலைவரலாற்றின் அண்மைக்காலப் பகுதி ஒன்றை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. தொடர்பு கூறுவது எம் கருத்தன்று; நோக்கும் முறைக்கு அது துணைசெய்யும் என்பதே. 1960களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கலைஞர் சிலர் வண்ணமும் வடிவமும் விடுத்துச் சொல்லையே தம் கலைக்குரிய பொருளாகக் கொண்டனர். 1965இல் யோசப்பு கோசுத் என்பவர் ஒரு நாற்காலியையும், அதன் நிழற்படத்தையும், நாற்காலி என்னும் சொல்லுக்கு அகராதி தரும் பொருளையும் அருகருகே வைத்து அதனை ஒரே படைப்பாகக் காட்டினார். 1967இல் சால் லெவிட் இம்முயற்சிகளுக்குக் கருத்துக்கலை என்று பொருள்படும் பெயரை வழங்கி ஒரு கட்டுரை வரைந்தார். கருத்தே கலையை ஆக்குவது, செய்பொருள் அதன் பின்னதே என்பது அவர் கொள்கையின் சாரம். இவர்கள் தம் படைப்புகளை ஓவியச் சட்டத்துள் அடக்காமல் சிறு நூல்களாகவும் அச்சுத்தாள்களாகவும் அஞ்சலட்டைகளாகவும் வெளியிட்டனர். கலைஞன் பிறர் நூலுக்குப் படம் வரைந்து தருவதின்றி நூலையே தன் படைப்பாக ஆக்கும் வழக்கம் இவ்வாறு பரவிற்று. எடுவர்டு ருசே 1963இல் வெளியிட்ட, இருபத்தாறு பெட்ரோல் நிலையங்களின் நிழற்படங்களைக் கொண்ட சிறுநூலின் முதற்பதிப்பு 400 படிகளே. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் அதனை ஏற்க மறுத்தது. அம்மறுப்பையே அவர் 1964இல் கலையிதழ் ஒன்றில் விளம்பரமாக வெளியிட்டார். நூலகத்தார்க்கு அது நூலாகத் தோன்றவில்லை. அருங்காட்சியகத்தார்க்கு அது கலையாகத் தோன்றவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பொருள்களே பெரிதும் அழிந்துபோகின்றன என்பதைத் தமிழ்நாட்டு வரலாறும் காட்டும்.

இவ்வியக்கத்தாருள் தமிழ் மாணவர் சிறப்பாக அறியத்தக்கவர் காட்லாந்து நாட்டுக் கவிஞர் இயன் ஆமில்டன் பின்லே. 1961இல் ஒரு சிறு பதிப்பகம் நிறுவி அட்டைகளும் சிறுநூல்களும் அச்சிட்டு வந்த அவர், 1966 முதல் பென்ட்லாந்துக் குன்றுப்பகுதியில் ஒரு தோட்டத்தை அமைத்து, அதன் மரநிழல்களிலும் நீர்க்கரைகளிலும் சொற்பொறித்த கற்களை நிறுவினார். சில கற்களில் ஒரு சொல்லே உண்டு. அக்கல் நிற்கும் இடமும் அதன்மேல் வீழும் நிழலும் அச்சொல்லின் பொருளில் பங்கு கொள்கின்றன. புலிமான்கோம்பைக் கற்கள் வெளிப்பட்ட அதே 2006இல் அவர் மறைந்தார். அவருடைய அட்டைகளையும் சிறுநூல்களையும் திரட்டுவோர் பலர். தோட்டத்துக் கற்களையோ அங்கிருந்து பெயர்த்தால் படைப்பே கெடும் என்பதை அனைவரும் ஒப்புகின்றனர்.

இனிக் கம்பம் பள்ளத்தாக்கின் உள்ளே புகுவோம். உத்தமபாளையத்தில் திருக்குணகிரி எனப்படும் குன்றின் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்தில், அவ்வுருவங்களைச் செய்வித்தோர் பெயர்கள் உள்ளன. அச்சணந்தி என்னும் புகழ்பெற்ற சமணமுனிவர் பெயரும் அவற்றுள் ஒன்று. இங்கே எழுத்து உருவத்துக்குப் பணிசெய்கின்றது. புலிமான்கோம்பையில் தனித்து நின்ற எழுத்து, ஓராயிரம் ஆண்டு இடைவெளியில் உருவத்தின் அடியில் ஒதுங்கிய நிலையை இவ்விரண்டையும் ஒரே நாளில் காண்பார் கண்கூடாக உணர்வர். பாறை பெயர்க்கலாகாதது. ஆதலின் உத்தமபாளையத்துச் சான்று வாசகமும் பொருளும் இடமும் பிரியாமல் இன்றும் ஒருங்கே நிற்கின்றது.

அதன் அண்மையிலுள்ள சின்னமனூரின் நிலை வேறு. பாண்டியர் வரலாற்றுக்கு வேள்விக்குடிச் செப்பேட்டை அடுத்து இன்றியமையாதவை சின்னமனூர்ச் செப்பேடுகள். பெரியது, சிறியது என இரு தொகுதிகளாக அவை கிடைத்தன. பெரிய சின்னமனூர்ச் செப்பேடு கி. பி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பாண்டியனுடையது. அதன் வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் அமைந்துள்ளன. பாண்டியர் முன்னோர் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதும் மதுரையில் சங்கம் வைத்ததும் அதில் குறிக்கப்படுவதால் தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் எவரும் அதனை எடுத்துக்காட்டாமல் இரார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியின் நான்காம் பகுதியில் 1929இல் அதன் வாசகம் வெளிவந்தது. அதுமுதல் நாம் அனைவரும் அவ்வச்சுப் பக்கங்களையே செப்பேடு என்று வழங்கி வருகின்றோம். இக்கட்டுரையாளரும் பல்லாண்டுகள் வகுப்பில் அவ்வாறே சொல்லி வந்தவர்தாம்.

செப்பேடு ஒரு நூல். ஏட்டின் வடிவைப் பின்பற்றித் தகடு செய்து, துளையிட்டு, வளையத்தில் கோத்து, கொல்லன் உளியால் எழுதிய நூல். இரு மொழிக்கு இரு எழுத்து எனக் கொண்டமை வாசிப்போர் வசதிக்காக மட்டும் அன்று. அரசனது குலப்பெருமையை ஓர் எழுத்திலும், நிலத்தின் எல்லையையும் கொடைச் செய்தியையும் மற்றோர் எழுத்திலும் காணும்போது, கண்ணுக்கே அவ்வேறுபாடு தெரியும்படி அமைத்துள்ளனர். அச்சுப் பதிப்பில் ஓரெழுத்து தேவநாகரியாகவும் மற்றது இக்காலத் தமிழெழுத்தாகவும் மாறிவிடுகின்றது. சொற்கள் அனைத்தும் உள. கொல்லனின் கை இல்லை. தகட்டின் கனமும் இல்லை. எந்த எழுத்து நெருங்கியது, எது இடம் போதாமையால் சுருங்கியது என்பதை அறிய வழியில்லை. கொடைக்குச் சான்றாகச் செய்த பொருள், பாண்டிய மன்னர் பட்டியலுக்குச் சான்றாகச் சுருங்கிவிட்டது.

ஓலைச்சுவடியின் வரலாறோ இன்னும் வருந்தத்தக்கது. பழைய ஏட்டைப் புதிய ஓலையில் படியெடுத்தபின் பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் நிலவிற்று. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயில் இட்ட செய்தியைக் கேட்டு உ. வே. சாமிநாதையர் கலங்கியதைத் தமிழ் பயில்வார் அனைவரும் அறிவர். அறியாமையாலும் வெறுப்பாலும் நிகழ்ந்தவையாக இவற்றைக் கருதுதல் நேரிதன்று. வாசகம் காக்கப்பட்டபின் அதனைத் தாங்கிய பொருளுக்கு உலகில் வேலையில்லை, அதனை முறைப்படி வழியனுப்புதலே கடன் என்னும் எண்ணமே இவற்றின் அடியில் உள்ளது. உடல் அழியும், உயிர் வேறுடல் புகும் என்னும் நம்பிக்கையை ஏட்டுக்கும் ஏற்றிக் கூறியது போல்வது அது. பதிப்பாசிரியர்களும் தாம் அறியாமலே இவ்வெண்ணத்திற்கு உடன்பட்டனர் எனல் தகும். பாடவேறுபாட்டைக் குறிப்பதற்கு ஏடு வேண்டும். குறித்து முடிந்தபின் அதன் பணி முடிந்தது. அதனைத் தனிப்பொருளாகக் காக்கவேண்டும் என்ற எண்ணம் மெல்லவே வளர்ந்தது. ஐயரவர்கள் மறைந்த மறு ஆண்டு, 1943இல், சென்னையில் அவர் பெயரால் நூல்நிலையம் அமைந்தமையால் அவர் தேடிய ஏடுகள் பிழைத்தன.

வாசகத்தையும் வடிவத்தையும் பிரித்தால் முழுதும் அழிந்துபோகும் ஒரு கலைவகை தமிழிலேயே உண்டு. அது சித்திரகவி. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்னும் நால்வகைக் கவியுள் ஒன்றாக எண்ணப்பட்டுத் தண்டியலங்காரச் சொல்லணியியலில் இலக்கணமும் பெற்றது. நாகபந்தத்தில் பின்னிப் பிணைந்த பாம்புகளின் உடல்மீது செய்யுள் செல்கின்றது. உடல்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் நிற்கும் ஓரெழுத்தே இருவழிக்கும் பொதுவாகின்றது. சக்கரத்தில் ஆரங்கள் கூடும் குடத்தின் எழுத்து எல்லா அடிகட்கும் உரியதாகின்றது. சுழிகுளத்தில் சொற்கள் நீர்ச்சுழிபோல் உள்நோக்கிச் சுழல்கின்றன. இவற்றை நாலடியாக வரிசைப்படுத்தி அச்சிட்டால் பொருட்சிறப்பு மிகாத ஒரு செய்யுளே எஞ்சும். கடந்த நூற்றாண்டின் திறனாய்வாளர் பலர் சித்திரகவியை வெற்றுச் சொல்விளையாட்டு என இகழ்ந்ததற்கு ஒரு காரணம், அவர்கள் அவற்றை வரிவடிவில் மட்டுமே படித்தமையாகும். பரிதிமாற் கலைஞர் சித்திரக்கவி விளக்கம் என்று தனிநூலே இயற்றி இவ்வகையைப் போற்றினார். அவர் வழியைப் பின்பற்றினோர் சிலரே. படத்துடன் வரைந்த ஏடுகளையும் பழம் அச்சுத்தாள்களையும் ஒருங்கு திரட்டிய ஒரு தொகுப்பு நமக்கு இருந்தால் இவ்வகையின் வரலாற்றை வேறுவிதமாக எழுதியிருப்போம்.

பொருளைத் திரட்டியவர் தமிழகத்தில் இல்லாமல் இல்லை. அவருள் தலையாயவர் கல்லூரியோ கல்விக்கழகமோ சார்ந்தவர் அல்லர். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். எழுத்தை வரைவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவரே அச்செழுத்தைத் திரட்டுவதில் முதல்வராக விளங்கியமை தற்செயல் என்று எமக்குத் தோன்றவில்லை. புலவர்க்கு ஒரு நூலின் முதற்பதிப்பும் மூன்றாம் பதிப்பும் பாடம் ஒத்தால் ஒன்றே. ஓவியர்க்கு அவை இரண்டு பொருள்கள். ஆகவே அவர் நூல்களோடு இதழ்களையும், நாடக அறிவிப்புத் தாள்களையும், பாட்டுப் புத்தகங்களையும், அழைப்பிதழ்களையும் ஒதுக்காமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஓரிலக்கம் பொருள்கள் அவர் வீட்டில் இருந்தன. சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. ஆயினும் அதனைக் கடல்கடந்து கொண்டுசெல்லாமல் சென்னையிலேயே 1994இல் ஆராய்ச்சி நூலகமாக நிறுவச் செய்து, நுண்படப் படிகளையே தான் பெற்றுக்கொண்டது. வெளிநாட்டார் நம் செல்வத்தைக் கொண்டுபோயினர் என்று குறைகூறுவோர் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். வாசகம் பயணம் செய்யலாம். பொருள் தன் மண்ணில் இருத்தல் நன்று என்னும் முறை இங்கே கடைப்பிடிக்கப்பட்டது. வாங்கும் பொறுப்பைத் தமிழகத்து நிறுவனம் ஒன்று ஏற்றிருத்தல் ஆகாதா என்னும் வினா மட்டும் இன்னும் நம்மை உறுத்திக்கொண்டுள்ளது. ஏறத்தாழ அதே காலத்தில், 1993இல், மார்த்தா வில்சன் 1976இல் நிறுவிய நிறுவனம் திரட்டிய கலைஞர் நூல்களை நியூயார்க்கு நவீனக் கலை அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டது. முன்பு நூலகம் ஒதுக்கியதையும் தாளென்று பிறர் எறிந்ததையும் தனிமனிதர் சிலரின் பிடிவாதம் காத்தது என்பதில் சென்னையும் நியூயார்க்கும் ஒன்றே.

கல்லுக்கு வருவோம். கல்லைத் திரட்டுதல் நூலைத் திரட்டுதல் போன்றதன்று. கல்வெட்டுத் துறையினர் இதற்கு நல்லதொரு வழியைக் கைக்கொண்டு வந்துள்ளனர். அதன் அருமை இன்னும் நம் துறைகளில் உணரப்படவில்லை. கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தாளை எழுத்தின் பள்ளங்களுள் இறங்கச் செய்து, சிறிது உலர்ந்தபின் மைப்பொதியால் ஒற்றி எடுப்பது மைப்படி. கறுத்த பரப்பில் எழுத்து வெண்மையாகத் தோன்றும். கையால் பார்த்து எழுதிய படிக்கும் இதற்கும் பெரிதும் வேறுபாடு உண்டு. பார்த்து எழுதுவோன் தான் படித்ததையே எழுதுவான். மைப்படியோ படிக்கப்படாத கீறலையும் உடைவையும் உமணர் சக்கரம் போன்றது ஏற்படுத்திய தேய்வையும் கூடவே எடுத்து வருகின்றது. அது கல்லைத் தொட்டு எடுத்த அச்சு. கல் உடைந்துபோன இடங்களில் மைப்படியே மூலம் ஆகிவிடுகின்றது. உதகமண்டலத்திலிருந்து 1966இல் மைசூருக்கு மாற்றப்பட்ட கல்வெட்டு அலுவலகத்தில் பல்லாயிரம் தமிழ் மைப்படிகள் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்துவந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் ஆணையிட்டது. அப்போது எழுந்த வழக்குரைகள் பெரும்பாலும் மொழியுரிமை பற்றியவை. மைப்படி தன்னளவிலும் ஓர் அரிய அச்சுக்கலைப் பொருள். ஈரமும் புழுவும் அதற்குப் பகை. மடித்து வைத்தால் மடிப்பின்வழி எழுத்து உடையும். இதனை அவ்விவாதத்தில் வலியுறுத்தியோர் மிகச் சிலரே.

மைப்படியும் எல்லாவற்றையும் தருவதன்று. நடுகல் வழிபாட்டில் இருக்கும் ஊர்களில் அதற்கு எண்ணெய் பூசுகின்றனர். மஞ்சளும் மாலையும் இடுகின்றனர். எண்ணெய் படிந்து எழுத்து மறைகின்றது என்பது ஆய்வாளர் குறை. அகநானூற்றில் பீலி சூட்டியவர்களும் அதனையே செய்தனர் என்பது ஊரார் சொல்லத்தக்க விடை. தொல்காப்பியம் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்னும் ஆறனுள் எழுதுதல் தனித்துறையாக எண்ணப்படவில்லை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. புறப்பொருள் வெண்பாமாலையும் அதனைத் தனித்துக் கூறவில்லை. நமக்கு முதன்மையாகப்படுவது அவர்கட்குப் பல சடங்குகளின் இடையே அமைந்த ஒரு செயல். ஆதலின் வழிபாட்டிலுள்ள கல்லை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவருதல் முறையன்று என்பது எம் துணிபு. மைப்படியும் நிழற்படமும் எடுத்துக் கல்லை அவ்வூரார் பொறுப்பிலேயே விடுதல் வேண்டும். வழிபாடு இன்றி, நட்ட இடத்தினின்று பெயர்ந்து, வயல்வரப்பிலும் துவைகல்லாகவும் கிடப்பனவற்றின் நிலை வேறு. அவற்றை அங்கேயே விடுதல் மீண்டும் சக்கரத்துக்கு இரையாக்குவதாகும். எடுத்து வரும்போது, கிடந்த இடம், அருகிலிருந்த ஈமச்சின்னம், கல்லின் பின்புறம், உடைந்த விளிம்பின் புதுமை பழமை ஆகியவற்றைப் பதியாமல் எடுப்போர் பாதிக் கல்லையே எடுத்து வருகின்றனர்.

புலிமான்கோம்பைக் கற்கள் இவ்விரண்டாம் வகையின. அவை நட்ட நிலையில் கிடைக்கவில்லை. பழைய ஈமக்காட்டுச் சூழலில் பெயர்ந்த நிலையிலேயே கிடைத்தன. இதனால் அந்தவனது கல்லைப் பற்றிய ஒரு வினாவுக்கு விடை காண்பது அரிதாகிவிட்டது. அக்கல் குறிக்கும் கூடலூர் எது? கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், மலையடிவாரத்தில், இன்றும் கூடலூர் என்றே ஓர் ஊர் உள்ளது. அதற்கு மேலுள்ள மலையில்தான் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963இல் கண்ணகி கோட்டத்தை அடையாளங் காட்டினார். பள்ளத்தாக்கு ஆனிரைக்குப் பேர்பெற்றது. மலைமாடுகள் இன்றும் அங்கு மந்தையாக மேய்கின்றன. கம்பத்தில் தம்பிரான் மாடுகளுக்கெனத் தொழுவமும் வழிபாடும் உள்ளன. நிரைகவர்தலுக்குக் களமாக இத்தகைய நிலம் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கூடலூர் என்னும் பெயருடைய ஊர்கள் தமிழகத்தில் பல. மதுரைக்கும் கூடல் என்று பெயர். நிலப்பொருத்தம் ஒன்றையே கொண்டு முடிவுகட்டுதல் கூடாது.

அக்கல் நட்ட இடத்திலேயே கிடைத்திருக்குமாயின், அது எவ்வழியோரத்தில் நின்றது, அவ்வழி பள்ளத்தாக்கின் மேற்பகுதிக்குச் செல்வதா மதுரைக்குச் செல்வதா, எழுத்துடைய முகம் எத்திசையிலிருந்து வருவார் கண்ணுக்குத் தெரியும்படி அமைந்தது என்பனவற்றால் ஒரு துணிபுக்கு வரலாகும். சங்கப் பாட்டுகள் நடுகல்லை வழிகள்தோறும் நிறுத்தியதாகவே கூறுகின்றன. வழிப்போவாரே அதன் வாசகர். வாசகம் முழுதும் கிடைத்தும் ஊரைத் துணியமுடியாமல் நாம் நிற்பது, கல்லின் திசை நமக்குக் கிடைக்காமையால் ஆகும். ஆண்டிபட்டி வட்டத்திலும் வருசநாட்டுப் பகுதியிலும் ஈமக்காடுகள் இன்னும் பல உள்ளன. அவற்றுள் எழுத்துடைய கல் ஒன்று நட்டபடியே கிடைக்குமாயின், அதனைப் படிக்கும் முன் திசைகாட்டியை வைத்துப் பார்ப்பவர் இவ்வினாவுக்கு விடைகாணும் வாய்ப்பைப் பெறுவர்.